பூரணியக்கா விரல்களால் வாசித்த கடிதங்கள்

காணாமற்போனவர்களுக்காக அவர்களின் குடும்பத்தார் எழுதுவித்த நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள், துறைமுக வீதியில் பூரணியக்காவின் தட்டச்சுக் கடைப் பின்னறையில், ஒரு பழைய சேர்வர் கணினிக்குள் இருந்தன. மேலே மேசைவிரிப்பு போட்டிருந்ததால் அது மிஞ்சியது. இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் தேடுதலுக்கு வந்தவர்கள் முன்னறைக் கணினிகள் இரண்டையும், அவவின் கணவர் சின்னராசாவையும் கொண்டுபோனார்கள்.

மாசியில் சேர்வர் டக்டக்கென்று சத்தம் போடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து விசாரணைக் குழு வருகிறது. முன்பு கொடுத்த கடிதத்தின் பிரதி இல்லாதவர்களைக் கூப்பிடமாட்டார்களாம். முப்பத்தேழு குடும்பம் பதிந்திருந்தது. பூரணியக்காவும் அதில் ஒருவர்.

திங்கள் காலை, கணினி திருத்தும் மஹ்ரூப் நானா கிண்ணியாவிலிருந்து புதுக் கணினிப் பெட்டியோடு வந்தார். வழியில் மூன்று சென்றிக் காவலரணிலும் பெட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

"என்னைக் கழற்றாம விட்டது பெரிய காரியம் பிள்ளை," என்றார்.

மத்தியானத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் புதுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தார், சரி. பழைய பெட்டி அதோடு அடங்கிவிட்டது. திரும்பப் போட்டால் எழும்பவில்லை.

புதிதில் முதற் கடிதத்தைத் திறந்தார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். திகதி மட்டும் விளங்கியது.

"எழுத்துருவை எடுக்க மறந்துட்டன்," என்றார் நானா. "கடையில விக்கிற எழுத்துருதானே?"

"இல்லை நானா. அவர் கீறினது. என்ர விரல் போற மாதிரி எழுத்துகளை மாத்தி வச்சவர்."

"பிரதி?"

"அவற்ர கைப்பையில இருந்தது."

வேறு எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தார். தமிழ் வந்தது, ஆனால் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

பூரணியக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. திரையைப் பார்த்தபடி வெறும் மேசையில் விரல்களைத் தட்டினா. பிறகு மெதுவாக வாசித்தா: "சாம்பல்தீவைச் சேர்ந்த சிவகாமிப்பிள்ளையாகிய நான், எனது மூத்த மகன் பால் வாங்கப் போனவர்..."

நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

பத்து வருசமாக அடித்த விரல்கள். எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பார்த்து, தட்டி, வாயால் சொல்லி, புதிதாக அடித்தா. கரண்ட் போனபோது காத்திருந்தா, வந்ததும் அடித்தா. வந்து நின்ற தாய்மாரின் வரிசையில் ஒவ்வொன்றாக. தன்னுடையதைக் கடைசிக்கு வைத்தா.

"உங்கட கடிதத்தை முதல் அடிங்க பிள்ளை," என்று நானா இரண்டு தரம் சொன்னார்.

"அவை தூரத்திலயிருந்து வந்தவை நானா."

வெள்ளி காலை முப்பத்தாறு முடிந்தபோது கரண்ட் திரும்பவும் போனது. பத்து மணிக்கு வந்தது. இன்னொன்றை அடிக்க நேரமில்லை, அச்செடுக்க மட்டும் நேரம் இருந்தது. சின்னராசாவுக்காக எழுதிய தன் கடிதத்தை இருந்தபடியே அச்செடுத்தா.

பாடசாலை மண்டபத்தில் குழுவின் கிளார்க் ஒருவர் மேசையில் இருந்தார். தமிழ் தெரியாதவர். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. முப்பத்தாறு கடிதங்களிலும் திகதியை மட்டும் பார்த்து, முத்திரை குத்தி, கடிதக் கட்டுக்குள் போட்டார்.

முப்பத்தேழாவது வந்தது. அரைப்புள்ளிகளும் ஆங்கில எழுத்துமாக ஒரு பக்கம். அதிலும் திகதியைப் பார்த்தார். அதே முத்திரையைக் குத்தினார். அதே கட்டுக்குள் போட்டார்.

"ஐயா, அதை வாசிக்க ஏலாது," என்றா பூரணியக்கா.

அவர் தலையாட்டினார். அடுத்தவர் யாரும் இல்லாததால் மைப்பெட்டியை மூடினார்.