ஆமையின் பிரேக்

முப்பது வருஷம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவருக்கு "ஆமை" என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? ஓய்வுக்குப் பின் அவர் ஓட்டியது ஈர்ப்பலை ஆய்வுக்கூடத்தின் தண்ணீர் லாரி. எங்கோ கருந்துளைகள் மோதினால் விண்வெளியே அதிருமாம். அணுவைவிடச் சிறிய அந்த அசைவை நீண்ட குழாய்களுக்குள் தொங்கும் கண்ணாடிகள் பிடிக்குமாம். லாரி குலுங்கினால் அவையும் குலுங்கலாம். அதனால் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர். எந்தக் குலுக்கலையும் நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். "வீட்டுக்காவது கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்பாள் மனைவி.

ஒருநாள் காலை பதினோரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு நாய் குறுக்கே பாய்ந்தது. பஸ்காரக் கால் யோசிக்குமா? பிரேக்கை ஓங்கி மிதித்தது. தொட்டித் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி லாரியே ஆடியது. நாய் பிழைத்தது. யாரும் பார்க்கவில்லை. போன வருஷம் வேகமாக ஓட்டிய புல்வெட்டும் வண்டிக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆமை எழுதாமல் நோட்டை மூடினார்.

மறுநாள் ஒரே பரபரப்பு. முந்தின நாள் அதே நிமிஷத்தில் ஒரு அலை பதிவாகியிருந்தது. தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நட்டநடுவில், நட்சத்திர நெரிசலில், இரண்டு கருந்துளைகள் ஒன்றாகியிருக்கலாம். ஆனால் தரையின் அதிர்வைப் பதியும் கருவியிலும் அதே நேரம் குலுக்கல். காரணம் தெரியாவிட்டால் அலையையே ஒதுக்கிவிட வேண்டியதுதான் என்றார் விஞ்ஞானி அம்மா.

ஆமை லாரியை ஓரமாக நிறுத்தி யோசித்தார். கோடிக்கணக்கான வருஷம் வழிநடந்து வந்த அலை, தான் வாயை மூடியதால் குப்பைக்குப் போவதா? வேலை போனால் போகட்டும் என்று போய் நின்றார்.

"அம்மா, அது நான்தான். நாய் வந்துச்சு, பிரேக் போட்டேன். பயத்துல எழுதல."

அம்மா நோட்டில் அந்த நாளின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அதே எடத்துல அதே மாதிரி திரும்பப் போட முடியுமா?" என்றார்.

இருபது தடவை போட்டார். ஒவ்வொரு தடவையும் தரைக் கருவி துள்ளியது, கண்ணாடிகள் அசையவே இல்லை. அப்படியானால் அன்று அவற்றை அசைத்தது லாரி இல்லை, அலை நிஜம்தான்.

"என் வேலை?"

"மறைச்சது தப்பு. அதை எழுதிட்டு நாளைக்கு வண்டிய எடுங்க."

எழுதினார். கீழே அம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "வந்து சொன்னதற்கு நன்றி." அனுமதி கேட்டு நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். முப்பது வருஷ பஸ் வேலையில் எழுத்தில் வந்ததெல்லாம் புகார்தான். நன்றி வந்தது இதுதான் முதல் தடவை.