நீலச் சொட்டு காயாத நாள்

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் காலை எட்டரை மணிக்கு ஒரு பெண் கம்பியோரம் ஒதுங்கி, குனிந்த தலை நிமிராமல் நின்றுகொண்டிருந்தால் அது தபீதாளாகத்தான் இருக்கும். பாவம், எதையோ தொலைத்துவிட்டாள் என்று தேடிக்கொடுக்க வந்த புண்ணியவான்கள் உண்டு. தொலைக்கவும் இல்லை, ஒன்றுமில்லை. அம்மணி கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்தப் பாதம் வெளிப்பக்கம் விரிகிறது, எந்தக் குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது, யார் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் சொக்கும். கீழே மின்சார ரயில் வந்து நிற்கும், பாலம் லேசாக அதிரும், முகமே இல்லாத ஆயிரம் கால்கள் அவளைத் தாண்டிப் போகும். ஒன்பது மணியாக ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் அம்மணிக்கு வேலை ஞாபகம் வரும்.

வேலையும் கால்தான். சேலையூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன மையத்தில் பத்தொன்பது வருஷமாகச் செயற்கைக் கால் பொருத்துகிறாள். முடிச்சூரில் வீடு, கணவர் சத்தியநாதன் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில் மாமியார், "நீ என்ன வேலைம்மா பாக்குற?" என்று கேட்டபோது, "நட்டு போல்ட்டு இறுக்குறேன் அத்தை" என்றாள். மாமியாருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அவள் சொன்னது பொய்யே இல்லை.

முழங்காலுக்குக் கீழே பொருத்துகிற கால் என்றால், மேலே மிச்சக் காலை வாங்கிக்கொள்ளும் கிண்ணம், கீழே பாதம், நடுவே ஒரு குழாய். குழாயின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு சின்ன ஸ்க்ரூ. அந்த எட்டு ஸ்க்ரூவில்தான் இருக்கிறது சூட்சுமம். ஒன்றைக் கால் சுற்றுத் தளர்த்தி எதிரே இருப்பதை இறுக்கினால் பாதம் இம்மியளவு சாயும். ஆளை நடக்கவிட்டு, பார்த்து, திருப்பி, மறுபடி நடக்கவிட்டு, சரியான சாய்வு கிடைத்ததும் ஸ்க்ரூக்களைப் பூட்ட வேண்டும். வெறுமனே இறுக்கினால் போதாது. ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி வைக்கிற மனுஷன், ஒவ்வொரு அடிக்கும் ஓர் அதிர்வு, எந்த ஸ்க்ரூவும் மெல்ல மெல்லக் கழன்றுகொள்ளும். அதனால் ஸ்க்ரூவின் திருகு வரியில், அந்தப் பல் வெட்டில், ஒரு சொட்டுப் பசை.

பசையில் பச்சை, நீலம், சிவப்பு என்று சாதி உண்டு. பச்சை, ஏற்கெனவே இறுக்கிய ஸ்க்ரூவுக்குள் தானாகக் கசிந்து இறங்கும். சிவப்பு பிடித்தால் உடும்புப்பிடி. நெருப்புக் காட்டினால்தான் விடும். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் யார் நெருப்புக் காட்டுவது? நீலம் அப்படியில்லை. அதிர்வுக்கு அசையாது, சாவி போட்டு அழுத்தித் திருப்பினால் வழி விடும். தபீதாளுக்கு நீலம்தான். இந்தப் பசைக்கு ஒரு விநோத குணம் வேறு. காற்று பட்டால் காயாது, இரும்புக்கு நடுவே காற்றில்லாமல் அடைபட்டால்தான் இறுகும். அதனாலேயே பாட்டிலைப் பாதிதான் நிரப்பி அனுப்புவார்கள். முதன்முதலில் வாங்கியபோது, "என்ன சார், பாதிய நீங்களே ஊத்தி வச்சுக்கிட்டீங்களா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய் மூக்குடைபட்டு வந்தவள் நம்ம ஆள்.

அவள் பூட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் கழற்ற மாட்டாள், சாய்வு போய்விடும். ஒன்றைக் கழற்றுவாள், எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பாள், காயவிடுவாள். பாட்டில் மூக்கு இரும்பைத் தொடாமல் ஒரே ஒரு சொட்டு விடுவாள். அது பல் வெட்டுக்குள் பரவுகிற இரண்டு விநாடி, அவள் இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் மினுங்கும், ஃபேன் சுற்றும் சத்தம் தூரமாகப் போகும், இன்னும் நடக்காத நடை ஒன்று கண்ணுக்குள் நடந்து போகும். பிறகு இறுக்குவாள். போதுமான இறுக்கம் வந்ததும் அளவுச் சாவி 'க்ளிக்' என்னும், அவளும் திரும்பி வந்துவிடுவாள். அடுத்த ஸ்க்ரூ.

ஒவ்வொரு காலோடும், அதே பாக்கெட்டிலிருந்து ஓர் உபரி ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் அதே பசையைப் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவாள். அதற்குப் பெயர் 'சாட்சி'. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்ல இதுவரை அவளுக்கு வாய் வந்ததில்லை; அவள் சாட்சியெல்லாம் இந்த ஜன்னலில்தான். மறுநாள் அதைத் திருகிப் பார்ப்பாள். அசையவில்லை என்றால்தான் கால் வெளியே போகும். அந்த வழக்கத்தை அவள் மீறியது ஒரே ஒரு தடவை. வீராசாமிக்காக.

வீராசாமி கோவளத்துப் பக்கம் மீன்பிடிக்கிறவர். கிளிஞ்சல் கிழித்த புண்ணைச் சர்க்கரை பெரிதாக்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. இரண்டு வருஷம் கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்த்தவருக்குத் தம்பியோடு மறுபடி போட்டில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டும். உப்புத் தண்ணீரில் சாதா ஸ்க்ரூ ஒரு மாதம் தாங்காதென்று தபீதாள் அவருக்காக எவர்சில்வர் ஸ்க்ரூவும் குழாய் முனைகளுக்கு எவர்சில்வர் மூட்டும் தேடிப் பிடித்து வாங்கினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்குப் பூட்டி முடித்தாள்.

"காலை இங்கயே வச்சிட்டுப் போங்கண்ணா. நாளைக்கு சாயந்திரம் வந்து வாங்கிக்கங்க."

"நாளிக்கு மத்தியானம் தம்பி வலை போடப் போறான்மா. ரெண்டு வருசம் கரையில நின்னு கை காட்டிகினு கீறேன். குட்துடுமா."

மனம் இளகிவிட்டது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மாட்டக் கூடாது. சத்தியமா?" என்றாள். "சத்தியமா" என்றார். மாட்டினால் என்னாகும் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரை. தபீதாள் ஜன்னல் விளிம்பிலிருந்து சாட்சியை எடுத்து, பழக்க தோஷத்தில் விரலால் திருகினாள். நட்டு வழுக்கிக்கொண்டு சுழன்று கையில் வந்துவிட்டது. பல் வெட்டில் நீலம் நேற்றுப் போட்ட மாதிரியே ஈரமாக இருந்தது.

அடப்பாவி! பத்தொன்பது வருஷமாகப் பாட்டிலோடு வரும் காகிதத்தை அவள் பிரித்ததே இல்லை. இப்போது பிரித்தாள். எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: எவர்சில்வரில் இந்தப் பசை மந்தமாகத்தான் இறுகும், முதலில் தூண்டுமருந்து அடிக்க வேண்டும். எட்டு ஸ்க்ரூவும் எவர்சில்வர். அலைக்கு எதிரே போட்டைத் தள்ளும்போது பாதம் திரும்பினால் மனுஷன் போட்டுக்கு அடியில்தான் போவார்.

வீராசாமிக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். வரவேற்பு மேஜையில் இருந்த விஷ்ணுப்ரியாவிடம், "ஸ்கூட்டி சாவியக் குடும்மா" என்றாள். "மேடம், உங்களுக்கு ஹைவே ஓட்டிப் பழக்கமே இல்லையே!" என்று அந்தப் பெண் பதறுவதற்குள் சாவி கைக்கு வந்துவிட்டது. கேம்ப் ரோடு கடையில் தூண்டுமருந்து ஸ்ப்ரே ஒன்று வாங்கி, பசைப் பாட்டிலும் சாவிகளும் இருந்த பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம். பயம் ஒரு பக்கம் இருக்க, பாழாய்ப்போன அவள் மனசு ரோட்டோரம் நடக்கிற கால்களையே பார்த்துக்கொண்டு வந்தது. கேளம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பங்கழி. நீரும் வானமும் ஒரே வெளுப்பு. ரோடு மட்டும் நடுவே மிதந்தது. எங்கே போகிறோம் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. ஆண்டவரே, அவர் இன்னும் மாட்டியிருக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னாள்.

மாட்டியிருந்தார். மாட்டியது மட்டுமா? ஒரு துடுப்பைக் கையில் ஊன்றிக்கொண்டு கடற்கரை மணலில் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி பாப்பா பின்னாலேயே வந்தாள்.

"நில்லுங்க! அப்படியே உக்காருங்க!" தபீதாள் மணலில் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோனது.

"இன்னாமா, நீயே வந்துகினு கீற?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் வீராசாமி.

"பசை காயலைண்ணா. நான் போட்ட முறை தப்பு. எல்லா ஸ்க்ரூவும் லூசா இருக்கு."

பாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தண்ணில போட்டைத் தள்றப்ப கயண்டிருந்தா இன்னாமா ஆயிருக்கும்? படிச்சவ தானே நீ?"

"செத்திருப்பாரு பாப்பா. என் தப்புதான்" என்றாள் தபீதாள்.

காலை மடியில் வாங்கிப் பார்த்தாள். சாய்வு தெரிவதற்காகக் குழாயிலும் மூட்டிலும் பேனாவால் அவள் ஒரு கோடு போடுவது வழக்கம். இப்போது மேல் கோடும் கீழ்க் கோடும் சேரவில்லை. நகத்தளவு விலகியிருந்தது. அதிர்வில் நகர்ந்த மாதிரியும் தெரியவில்லை, ஸ்க்ரூ ஒவ்வொன்றும் யாரோ கையால் இறுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"யாரு இதைத் திருப்பினது?"

"நான்தான். போட்டு இன்ஜின் கயட்ற சாவி கீது இல்ல? மணல்ல குதிகால் பொதைஞ்சிது, பின்னால இஸ்துது. சாவியப் போட்டேன், ஈசியா வந்துது. நாமளே திருப்பிக்கத்தான் இப்டி வுட்டு வச்சிருக்கியோன்னு நெனச்சேன்."

வந்ததே கோபம்! "யாரைக் கேட்டு கைய வச்சீங்க? ஒரு மணி நேரம் உங்கள நடக்கவிட்டு, பாத்துப் பாத்து வச்ச சாய்வு அது!"

"டைல்ஸ்ல தானே நடக்க வச்ச? எங்க வூட்ல ஏதுமா டைல்ஸ்?"

தபீதாள் சாவியை எடுத்துப் பழைய கோட்டுக்குத் திருப்பப் போனாள். வீராசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தபா பாரு. பாத்துட்டு திருப்பு."

சரி, பார்த்துத் தொலைப்போம் என்று எட்டு ஸ்க்ரூவையும் அளவுச் சாவியால் 'க்ளிக்' வரும்வரை இறுக்கிக் கொடுத்தாள். பத்தடி நடக்க அது தாங்கும். அவர் எழுந்தார். துடுப்பைப் பாப்பாவிடம் கொடுத்தார். நடந்தார்.

மணல் அந்தப் பாதத்தை விழுங்கவில்லை. குதிகால் பட்டது, பாதம் உருண்டது, விரல் நுனி மணலைத் தள்ளியது. இடுப்பு சாயவில்லை, தோள் குலுங்கவில்லை. ஈர மணலில் இரண்டு வரிசைத் தடமும் ஒரே ஆழத்தில் பதிந்து தண்ணீர்வரை போயின. அலை வந்து நுரையோடு சுற்றிக்கொண்டபோதும் மனுஷன் நின்றார். தபீதாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் சத்தம் தூரமாகப் போனது. இப்படி ஒரு நடையை அவள் சேலையூரில் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது, அங்கே அவளிடம் இருந்தது இரண்டு கம்பிகளும், நடுவே ஆறு மீட்டர் வெள்ளை டைல்ஸும்தான்.

அப்போதுதான் அந்தக் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. வருஷத்துக்கு ஒருமுறை, காலைக் கட்டும் வார் மாற்ற வருகிறவர்களின் செயற்கைக் கால்கள். பாதி பேருடையது அடிப்பாதம் தேயாமல், விலைச் சீட்டு ஒட்டின பிசுக்குக்கூடப் போகாமல் இருக்கும். 'காசு போட்டுச் செஞ்சு குடுத்தா மூலையில் போட்டு வச்சிருக்கீங்களே, சோம்பேறித்தனம்' என்று அவள் வைதிருக்கிறாள். போன மாதம்கூட, நாவலூர் அடுக்குமாடிகளில் மீன் விற்கும் புஷ்பலதா என்ற பெண்ணை, வரவேற்பில் நாலு பேர் பார்க்க, கிழித்துத் தொங்கப்போட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஊன்றுகோலோடு போனாள். இப்போது நினைக்கையில் தபீதாளுக்கு அவமானமாக இருந்தது. மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"இன்னாமா, நல்லாத்தானே நடந்தேன்?" என்றார் திரும்பி வந்த வீராசாமி, ஒன்றும் புரியாமல்.

"நல்லாதான் நடந்தீங்கண்ணா. என்னைவிட நல்லா வச்சிருக்கீங்க."

பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்தாள். அவர் வைத்த இடத்தில் புதுக் கோடு போட்டாள். பாப்பா வீட்டு வாசலில், மணல் பறக்காத மூலையில் துணி விரித்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றித் துடைத்தாள், ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டாள், ஒரு சொட்டு, ஒரு 'க்ளிக்'. எட்டாவது முடிந்தபோது, தம்பியின் போட்டு ஓர் ஆள் குறைவாகவே அலையைத் தாண்டிவிட்டிருந்தது.

"நாளைக்கு காலைல நானே வந்து பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் மாட்டினீங்க, பாப்பா சும்மா விடமாட்டா."

"மாட்டிப் பாக்கட்டும்" என்றாள் பாப்பா. காலைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

தபீதாள் ஸ்கூட்டியில் ஏறவில்லை. வேலி நிழலில் நின்று போனில் ஓர் எண்ணைத் தேடினாள். எதிர்முனையில் குரல் பயந்துபோய் வந்தது. "மேடம்? நான் காசு எதனா குட்க்கணுமா?"

"இல்ல புஷ்பலதா. ஒண்ணு கேக்கணும். நீ தினமும் எங்க நடக்குற?"

"எங்களயெல்லாம் முன்வாசல்ல வுட மாட்டாங்க மேடம். காரு எறங்குற சரிவுல தான் கூடையத் தூக்கினு எறங்கணும். அந்தக் காலப் போட்டா முன்னால புடிச்சித் தள்ளுது. ரெண்டு தபா மீனோட உய்ந்துட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

"நாளைக்கு மத்தியானம் அந்தச் சரிவுக்கே வரேன். காலை எடுத்துட்டு வந்துடு."

"அது பரண் மேல கீது மேடம்" என்றாள் புஷ்பலதா. "இருங்க, இப்பவே எறக்கச் சொல்றேன்."