மாலை கட்டிய மோட்டார் சைக்கிள்

நான் முதன்முதலாக வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் பூசை செய்தோம். தம்பி ஹான்டிலில் மாலையை இறுக்கிக் கட்டினான். வாசலில் வண்டியைத் திருப்பியபோது, நான் அக்சிலேட்டரை முறுக்காமலே எஞ்சின் இரைந்தது.

“அம்மன் ஓம் எண்டு சொல்லிப்போட்டா அக்கா,” என்றான் தம்பி. அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று நானும் நம்பினேன்.

திரும்பும் வழியில், ஆளில்லாத குளக்கட்டு வளைவில் மீண்டும் அதே இரைச்சல். அக்சிலேட்டர் கைப்பிடியைத் தளர்த்தியும் வேகம் கூடியது. கீழே தண்ணீர் தெரிந்தது.

“திறப்பைத் திருப்பக்கா,” என்று பின்னாலிருந்து கத்தினான். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். வண்டியின் முன்சில்லு குளக்கட்டின் விளிம்பில் நின்றது.

மாலைக் கயிறு அக்சிலேட்டர் கேபிளையும் சேர்த்து இறுக்கியிருந்தது. ஹான்டிலைத் திருப்பும்போதெல்லாம் கேபிள் தானாக இழுபட்டிருக்கிறது.

இப்போது ஹான்டிலில் எதைக் கட்டினாலும், ஏறுமுன் எஞ்சினை இயக்கி, ஹான்டிலை இரு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன். தானாக இரைந்தால், அம்மன் வேண்டாம் என்கிறாள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.