தமுக்குச் சத்தம் கேட்டால்

தலையாரி தங்கமுத்துவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தாசில்தார் ஜீப் தாடிக்கொம்பு ரோட்டில் திரும்பியது என்று யாராவது சொன்னால் போதும், தன் ஊரான மேட்டுக்கரையில் இவர் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்துகொள்வார். இத்தனைக்கும் அவர் அரசாங்க ஆள். காக்கிச் சட்டை, இடுப்பில் வார், அதில் பித்தளை வில்லை, தோளில் தமுக்கு. "ஊரு ஒம்மளப் பாத்துப் பயப்படணும்யா. நீரு ஊரப் பாத்துப் பயந்துக்கிட்டுத் திரியிறீரு" என்பாள் மனைவி அய்யம்மாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது.

அந்த ஊரில் தமுக்கு அடித்தால்தான் உத்தரவு. காகிதத்தில் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் சரி, தங்கமுத்து தெருமுனையில் நின்று மூன்று தரம் அடித்து, தொண்டை கிழியச் சொல்லி, அஞ்சு பேரிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கினால்தான் அது செல்லும். அதுவரைக்கும் எல்லாம் வெறும் பேச்சு. இருபது வருஷமாக இந்த ஒரு காரியத்தில் அவர் தவறியதே இல்லை. தவறினால் என்ன ஆகுமோ என்ற பயம்தான், வேறென்ன!

எண்பத்து நான்காம் வருஷம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை, தாலுகா ஆபீசில் அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். குடகனாற்று நாணல் காட்டில் நீர்நாய்கள் இருக்கின்றன, குட்டி போடும் காலம், அந்த இனமே அருகிப்போய்விட்டது. ஆகவே வனத்துறை கணக்கெடுத்து முடிக்கிற வரைக்கும், மாசி மாதம் முடிய, ஆற்றுப் படுகையில் யாரும் புதிதாக வீடு கட்டக் கூடாது, செங்கல் சுடக் காளவாசல் போடக் கூடாது, மண் அள்ளக் கூடாது. தமுக்கு அடிக்கிற அன்றைக்குக் கூரை ஏறியிருக்கிற வீட்டுக்கு மட்டும் விலக்கு.

தங்கமுத்து காகிதத்தை இரண்டு தரம் படித்தார். படுகையில் அப்போது ஏழெட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷம் மழை பொய்த்ததில் ஆறு எங்கே ஓடியது என்பதே சனங்களுக்கு மறந்துபோயிருந்தது. வண்டல் மண், தோண்டினால் தண்ணீர், விடுவார்களா? அந்த வீடுகளில் ஒன்று அவருடைய ஒரே மகள் செல்லக்கிளியுடையது. சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. மாமியார் வீட்டில் ஒற்றை அறைக்குள் ஒன்பது பேரோடு பிள்ளை பெற்றவள் அவள். "ஒரு கூரை போதும்ப்பா, கோழிக்கூடு மாதிரி இருந்தாலும் எனக்குன்னு ஒரு கதவு இருந்தாப் போதும்" என்று அழுதவள்.

அன்றைக்கு அவர் தமுக்கை எடுக்கவில்லை. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காகிதம் தலையணைக்கு அடியில் கிடந்தது. மருமகன் பழனிக்குமார் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, விட்டம் ஏற்றி, கை பரபரக்கக் கீற்று வேய்ந்தான். வியாழக்கிழமை காலை கூரை முடிந்தது. மத்தியானம் காய்ச்சலும் முடிந்தது. தங்கமுத்து படுகை முனையில் நின்று தமுக்கை அடித்தார். ரேகை வாங்கிய தாளில் அன்றைய தேதியைப் போட்டபோது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

படுகையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி இஞ்ஞாசியம்மாள். அவள் சுவர் அப்போது இடுப்பு உயரம். ஆற்று மண்ணைத் தானே மிதித்துத் தானே செங்கல் அறுத்தவள். ரேகை வைக்கிறபோது அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்ணே, இந்தக் காயிதம் திங்கக்கெழமையே வந்துருச்சுன்னு எங்க சின்னம்மா மகன் டவுன்ல கேட்டுட்டு வந்து சொல்றானே?"

"அவனுக்கென்ன தெரியும்! எனக்குக் காச்சலு."

"காச்சலா? நல்ல காச்சல்தான். ஒம்ம மக வீட்டுக்குக் கூர ஏறுற மட்டும் இருந்துருக்கு."

அதற்கப்புறம் அந்த மனுஷருக்குத் தூக்கம் ஏது? சோற்றில் கை வைத்தால் ஜீப் சத்தம் கேட்டது. விசாரணை வரும், வேலை போகும், மகள் வீட்டுக் கூரையை ஊர் பார்க்கப் பிரித்துப் போடுவார்கள் என்று நாளெல்லாம் இதே நினைப்பு. படுகையில் மற்ற சுவர்கள் மொட்டையாக நிற்க, செல்லக்கிளி வீடு மட்டும் தனியாகக் கூரையோடு நிற்கிறது. ஆபீசர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தானே இருக்கும்?

பயந்தவன் மூளை சும்மா இருக்காது. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் சொன்னார்.

"இந்தா பாரு கிளி, ஆபீசர் வந்தா நான் கரையில நின்னு தமுக்கடிப்பேன். சத்தம் கேட்டதும் பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்க. தாப்பாளப் போட்ரு. யாரு தட்டினாலும், என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் தெறக்காத. நீ வாயத் தொறந்து எதையாச்சும் ஒளறினா எம் பொழப்பு போச்சு."

"அம்புட்டுப் பயமாவா இருக்கு ஒங்களுக்கு?" என்று கேட்டாள் அவள். கேட்கிறபோதே அவள் முகமும் வெளுத்துவிட்டது. இரண்டு தரம் ஒத்திகை கூட பார்த்தார். அவர் கரையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்ட, அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தது. மேட்டுக்கரையில் பேருக்குக்கூட ஒரு தூறல் இல்லை. மேற்கே மலைப்பக்கம் மட்டும் நாலு நாளாக இருட்டிக்கொண்டு கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் கரையோரம் போன தங்கமுத்து அந்தக் காட்சியைப் பார்த்தார். நாணலுக்குள்ளிருந்து நீர்நாய் ஒன்று குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறிற்று. பின்னாலேயே இன்னொன்று. குட்டியை ஒரு பாறை இடுக்கில் விட்டுவிட்டு மறுபடி இறங்கி, மறுபடி கவ்விக்கொண்டு ஏறிற்று. நாணலின் அடியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்து அவற்றின் வளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் அவர் பார்த்தார்.

பார்த்து என்ன செய்தார் என்கிறீர்கள்? சந்தோஷப்பட்டார்! சனியன்கள் காலி பண்ணிப் போகின்றன, இனி எதற்குத் தடை, எதற்கு விசாரணை என்று இரண்டு மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக வீட்டுக்குப் போய் வயிறு நிறையப் பழைய சோறு குடித்தார். எந்நேரமும் ஆபீசருக்கே பயந்துகொண்டிருந்தவருக்கு ஆற்றுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும், சுள்ளென்று வெயில். பால்காரர் முத்துச்சாமி சைக்கிளில் தலைதெறிக்க வந்தார்.

"தலையாரி! மேல தண்ணி வருது! தென்னமரம் வேரோட உருண்டு வருதப்பா! படுகையில இருக்குற சனத்தக் கூப்பிடு!"

தங்கமுத்து தமுக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கரையில் நின்று கை வலிக்க அடித்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே போட்டுவிட்டு ஏறினார்கள். ஆடு மேய்த்தவர்கள் ஆடுகளை விரட்டிக்கொண்டு ஏறினார்கள். மொட்டைச் சுவர்களுக்குள் ஒரு சீவன் இல்லை. தடை அவர்களை எல்லாம் மேட்டிலேயே வைத்திருந்தது. அப்போதுதான் அவர் கண் அந்தக் கூரை வீட்டுக்குப் போயிற்று.

செல்லக்கிளி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தமுக்குச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள். பாயில் கிடந்த பிள்ளையை வாரி எடுத்தாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அடிக்க அடிக்க அவள் உள்ளேதான் இருப்பாள். அவர்தானே சொல்லிக் கொடுத்தது! தமுக்கை வீசி எறிந்தார். "ஏத்தா, வெளிய வா! வெளிய வாடீ!" என்று கத்தினார். தண்ணீர் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இறங்கி ஓடினார். மகமாயி, மகமாயி என்று வாய் தானாக அரற்றியது. முழங்கால் தண்ணீர், பிறகு தொடை. வாசலில் காயப்போட்ட நெல் மிதந்து அவர் வேட்டியில் ஒட்டியது. கதவில் இரண்டு கையாலும் அறைந்தார்.

"தெற! கிளி, தெறடீ!"

உள்ளே பிள்ளை சிணுங்கிய சத்தமும், அதன் வாயை யாரோ பொத்திய சத்தமும் கேட்டன.

"ஒங்கப்பன்டி! தங்கமுத்துடி!"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஆபீசரு போய்ட்டாகளாப்பா?"

அந்த மனுஷர் கோவென்று அழுதுவிட்டார். அழுதுகொண்டே சொன்னார்: "ஆபீசரே இல்ல தாயி. ஆறு வந்துருச்சு."

தாழ்ப்பாள் விலகியது. ஆனால் கதவு வெளியே திறக்கிற கதவு. தண்ணீர் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது, அவர் இழுத்தும் அசையவில்லை. அவள் பானை அடுக்கின் மேல் ஏறிக் கூரையைப் பிய்த்தாள். அவசரத்தில் வேய்ந்த கீற்று, நல்லவேளை, கட்டு லேசாக இருந்தது. அவர் சுவரைப் பற்றி ஏறி அந்தப் பொத்தல் வழியாகப் பிள்ளையை வாங்கி, அவளையும் வெளியே இழுத்தார். கரையிலிருந்து கிணற்றுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்கியவள் யார் தெரியுமா? இஞ்ஞாசியம்மாள். மூவரையும் இழுத்துக் கரை சேர்த்துத் திரும்பிப் பார்த்தபோது படுகையில் கூரை இல்லை, சுவரும் இல்லை.

மறுநாள் தங்கமுத்து தாலுகா ஆபீசுக்குத் தானே நடந்து போய், திங்கட்கிழமையையும் வியாழக்கிழமையையும் ஒன்று விடாமல் சொன்னார். ஒரு மாதம் சஸ்பெண்ட் பண்ணினார்கள். அதற்கு அவர் பயப்படவில்லை.

மாசி முடிந்தது. தடை விலகிவிட்டது என்று தமுக்கு அடித்துச் சொல்லும்படி காகிதம் வந்தது. அன்றைக்கே, தன் வீட்டுக்கு எதிரே தெருமுனையில் நின்று முதல் அடி அடித்தார். வீடு போனதிலிருந்து அப்பன் வீட்டிலேயே இருந்த செல்லக்கிளி, வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், வெடுக்கென்று எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையைத் தங்கமுத்து இறக்கிக்கொண்டார். தமுக்கைக் கழற்றி அங்கேயே கீழே வைத்தார். அந்த உத்தரவை அவர் வீடு வீடாகப் போய், கதவைத் தட்டாமல், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். முதலில் தன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கதவைத் திறக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.