மேடத்தோட ஊட்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்தில், எங்கள் தெரு முனையில் ஒரு புதுக் கட்சியின் கூட்டம். பக்கத்து வீட்டுக் கவிதாவும் நானும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதில் மாட்டிக்கொண்டோம். முன்வரிசையில் கட்சித் துண்டோடு யார் தெரியுமா? கவிதாவின் கணவர் சுப்பிரமணி.

வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் பேச்சாளர். கைதட்டல் சுமார்தான். அடுத்து, பெண்கள் சம்பாதிக்கக் கிளம்பியதால்தான் ஆண்களுக்கு வீட்டில் மரியாதை போய்விட்டது என்றார். தெருவே அதிர்ந்தது... சுப்பிரமணி எழுந்து நின்றே தட்டினார்.

கவிதாவின் முகம் சுருங்கிவிட்டது. "கொஞ்சம் எங்க ஊட்டுக்கு வாங்கக்கா" என்றாள்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவர் கட்டிங் மாஸ்டர். இவள் டெய்லராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, போன மாதம் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனவள்.

கூட்டம் முடிந்து வந்தவர் ஒரு குண்டைப் போட்டார். அடுத்த கூட்டத்தில் கவிதா மேடையேறி, குடும்பத்துக்காக வேலையை விடுவதாக அறிவிக்க வேண்டுமாம். கட்சிக்காரர்களிடம் சொல்லியும் விட்டாராம்!

கவிதா கத்தவில்லை. "ஏனுங்க, உங்க வேலையை எந்த இந்திக்காரர் புடுங்கினாருங்க?"

ஒருவரும் இல்லை. அவர் டேபிளில் துணி விரிப்பதே இரண்டு பீகார்க்காரர்கள்தான். தீபாவளிக்கு அவர்களுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பவரும் இவர்தான்.

தரையைப் பார்த்துக்கொண்டே சுப்பிரமணி சொன்னார்: "இத்தனை வருசமா மாஸ்டர்னு கூப்பிட்டாங்க. இப்ப மேடத்தோட ஊட்டுக்காரர்ங்கறாங்க."

எனக்கே பாவமாகிவிட்டது. கவிதா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரலில் உறுதி மட்டும் குறையவில்லை.

"அப்படிக் கூப்பிடறது தப்புங்க. நானே கண்டிக்கிறேன். ஆனா வேலையை விடமாட்டேனுங்க. மேடைக்குக் கூப்பிட்டா வர்றேன் – இதையேதான் மைக்குலயும் சொல்லுவேன்."

மறுநாள் காலையில், அவள் வரமாட்டாள் என்று அவரே கட்சிக்காரர்களுக்கு போன் செய்துவிட்டார். மனம் மாறிவிட்டாரா? அவ்வளவு சுலபமா என்ன! ஓட்டு யாருக்கு என்று கேட்டால் இன்னும் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறார்.

இந்த மாதிரிக் கட்சிகள் ஏன் வளர்கின்றன என்று கேட்டால், வேலையில்லை, வெளியூர்க்காரர்கள் கூட்டம் என்று காரணம் அடுக்குகிறோம். நான் அடித்துச் சொல்வேன் – அந்தக் கோபத்தில் பாதி, வீட்டுக்குள் காட்ட முடியாத கோபம். அதைத் தெருவில் காட்ட ஒரு தலைவர் இடம் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

மனைவிக்கு புரமோஷன் வந்ததற்கு எந்த அந்நியச் சதியும் காரணமில்லை, சாமிகளா... அவள் நன்றாக வேலை செய்கிறாள்!