எட்டாத இரண்டு போல்ட்டுகள்

ஜெயராமன் வேலை பார்த்த காலம் முழுவதும் அடுத்தவர் செய்ததைக் கழித்துக்கட்டியே சம்பளம் வாங்கினார். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். அளவு மயிரிழை தப்பினாலும் அந்தப் பாகத்தின் மேல் சிவப்புப் பெயிண்டை ஒரு இழுப்பு இழுப்பார். ஓய்வு பெற்ற பிறகு பெயிண்ட் டப்பாதான் கையில் இல்லை. ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களில் அவர் வாயில் விழாதவர் கிடையாது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் விடிகாலை ரயிலில் வேலைக்கு வந்துபோகும் அக்கா மகன் பிரகாஷுக்கு "ரயில் எலி" என்று பெயர் வைத்திருந்தார். தானும் அதே தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் என்பது அவருக்கு நினைவில் இருப்பதாகவே தெரியவில்லை.

மனைவி தமயந்தியிடம் அவர் பேசியதில் பாதி, "உனக்கு என்ன தெரியும்?" என்பது. மீதி, காப்பி கேட்டது.

போன வருஷம் ஒரு பழைய ஃபியட் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். கியர் மாற்றினால் கறகறவென்று அரைத்தது. கியர் பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டும். முதலில் வந்த மெக்கானிக்கை, ரப்பர் செருப்போடு வந்தான் என்று திருப்பி அனுப்பினார். அடுத்தவன் காரைப் பார்க்கும் முன் டீ கேட்டான், அவனும் போனான்.

"இவனுங்க கையில குடுக்கறதும் பழைய இரும்புக்குன்னு குஜிரிக்குப் போடறதும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு, காரைக் கல் மேல் ஏற்றி, அட்டையை விரித்து அடியில் தானே படுத்தார்.

கீழ்ப் போல்ட்டுகள் வந்துவிட்டன. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு ஜாக்கி தாங்கி நின்றது. அது நூலளவும் அசையக் கூடாது என்று அவர் இறுக்கி ஏற்றியிருந்தார். இன்ஜினோடு பெட்டி சேரும் இடத்தில், உச்சியில் இரண்டு போல்ட்டுகள் பாக்கி. மேலே காரின் தகரம், கீழே பெட்டி. நடுவில் ஒரு சப்பாத்தி நுழையும் இடம். அதற்குள் வலது கையை முறுக்கி முறுக்கி நுழைத்தார். ஸ்பேனர் போல்ட்டைத் தொட்டது. திருப்பினார். ஸ்பேனர் வழுக்கி விழுந்தது. கையை இழுத்தார்; கை வரவில்லை. கடிகாரத்தின் இரும்புப் பட்டை எதிலோ கொக்கி போட்டுக்கொண்டது. இடது கை ஜாக்கி வரை எட்டவில்லை.

தெருவில் யாரையாவது கூப்பிடலாம். அவருக்கு உதவுகிற மாதிரி அந்தத் தெருவில் அவர் யாரையும் விட்டு வைத்திருக்கவில்லை. வெகுநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏய், இங்க வா," என்றார்.

தமயந்தியின் பாதங்கள் வந்து நின்றன.

"கை மாட்டிக்கிச்சு. அந்த ஜாக்கி ராடைப் புடிச்சு இடப்பக்கமா சுத்து. பெட்டி கொஞ்சம் இறங்கினா கை வந்துடும்."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"வெளையாடாதடி. வலிக்குது."

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வியர்வையும் கிரீஸுமாக அந்த முகம், முதல் முறையாக அவளுக்குக் கீழே கிடந்தது. எதிர்ப்பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிற மனிதர். இப்போது எங்கே போவார்?

ராடைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினாள். நிறுத்தினாள்.

"எங்கண்ணன் சாவுக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"பொணத்த வாசல்ல போட்டிருக்காங்க. நீங்க வந்து நின்னு, பந்தல் கோணலா இருக்குன்னீங்க. எங்கம்மா அழுதுக்கிட்டு இருந்தவங்க, தலையத் தூக்கிப் பந்தலப் பாத்தாங்க."

காருக்கு அடியிலிருந்து அவர் சொன்னார்: "கோணலாத்தான் இருந்துச்சு."

தமயந்தி ராடை விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே குக்கர் விசில் கேட்டது. போய் அடுப்பை அணைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அவசரப்படவில்லை. அவள் மனதில் கோபம்கூட இல்லை. இந்த ஆளுக்காகவா இத்தனை வருஷம் குரலைத் தாழ்த்திப் பேசினோம் என்கிற ஒரு அருவருப்புதான் இருந்தது.

வாசலில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். மூன்றாவது முறை குரல் உடைந்தது. அவள் திரும்பி வந்து, ராடைச் சுற்றினாள். பெட்டியின் வால் மெல்ல இறங்கியது. இன்ஜின் பின்பக்கம் சாய, மேலே இடைவெளி அகன்றது. கை வெளியே வந்தது, மணிக்கட்டில் தோல் உரிந்து. அகன்ற இடைவெளியில் அந்த இரண்டு போல்ட்டுகளும் நன்றாகத் தெரிந்தன. நீளக் கம்பியில் சாக்கெட்டை மாட்டிப் பின்னாலிருந்தே நீட்டினார். இரண்டும் கழன்று வந்தன.

அவர் நன்றி சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் வந்தபோது, ஜெயராமன் கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். "வாலை எறக்கிட்டா மேல் போல்ட்டு தன்னால கெடைக்கும்டா. மெக்கானிக் பசங்களுக்கு எங்க தெரியுது? மூளை வேணும். நான் மொதல்லயே பிளான் பண்ணிட்டேன்."

"ஆமா பிரகாஷு," என்றாள் தமயந்தி, டீயை நீட்டியபடி. "கை மாட்டிக்கிட்டு, அழுதுக்கிட்டே பண்ணின பிளான்."

பிரகாஷ் சிரிப்பை அடக்கப் பார்த்து, டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டான். ஜெயராமன் வாயில் வார்த்தை வராமல் போனதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. அது ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்றார்.

பல்சக்கரம் மாற்றி, பெட்டியை மறுபடி ஏற்றி, மாதக் கடைசியில் கார் ஓடியது. "வா, ஒரு ரவுண்டு போலாம்," என்று வாசலில் நின்று ஹாரன் அடித்தார். "நீங்க போய்ட்டு வாங்க," என்று அவள் துணி உலர்த்தப் போனாள். பக்கத்து மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். கார் எப்படி ஓடியது என்று அவள் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அவள் தேங்காய்ச் சில்லை அள்ளிப் போட்டு மிக்ஸியை ஓடவிட்டாள்.