டேப் சுற்றிய மாவிளக்கு மாவு

ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள எங்கள் அம்மனுக்கு மாவிளக்கு போட, முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் போனோம். பங்காளி வீடுகளின் நேர்த்திக்கடன் மாவு ஒன்றோடொன்று கலக்கக் கூடாதென்று, ஆறு பொட்டலமாக டேப் சுற்றியிருந்தேன். செக்போஸ்ட் போலீஸ் அதைப் போதைப்பொருள் என்று சந்தேகித்து எங்களை இறக்கியது. என் வீட்டுக்காரர் பயத்தில், போலீஸ் நீட்டிய தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போடப் போனார்.

பக்கத்து சீட்டு வக்கீலம்மாவும் கூடவே இறங்கி, "அண்ணே, மொதல்ல சோதிக்கட்டும். வாசிக்காம போட்டா ஜாமீன்கூடக் கெடைக்காது" என்றார்.

சோதனையில் பச்சரிசி மாவு என்று தெரிந்தது.

"ஏம்மா, மாவுக்கு எதுக்கு இம்புட்டு டேப்பு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க ஓரகத்தி மாவு எம் மாவுல கலந்தா, அவ சும்மா விடுவாளா சார்?" என்றேன். சிரித்துவிட்டார்.

வக்கீலம்மா பேருக்கும் ஒரு விளக்கு ஏற்றினேன். இப்போது மாவைத் தூக்குவாளிகளில்தான் கொண்டுபோகிறேன். வீட்டுக்காரர் கொரியர் தாளைக்கூட வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.